தீ இல்லாத அடுப்பு

அந்த மைக்ரோவேவ் அடுப்பைக் கடையில் பார்த்து எடுத்தவள் நான். என் புருஷனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நான் செய்த முதல் தப்பு அதுதான் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கு வாய் அப்படி.

என் புருஷன் தங்கராஜு சமையல்காரர். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருபத்தாறு வருஷம் அடுப்படியில் நின்றவர். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கல்யாணம் என்றால் சமையலுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். முந்நூறு இலைக்குக் குழம்பு வைத்தாலும் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். மூடியைத் தூக்குவார், கொதிக்கிற சத்தத்தைக் கேட்பார், வாசனை பிடிப்பார், "இறக்கு" என்பார். அவ்வளவுதான். எண்பத்தைந்தாம் வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் மீண்டது. கை மீளவேயில்லை. ஞாபகமும் நடுநடுவே நழுவியது.

ஈசூனில் எங்களுக்கு ஒரு சின்ன பிளாட். பிள்ளை குட்டி இல்லை. நான் அங் மோ கியோவில் டிவி பாகங்கள் பூட்டும் ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட். ஏழு மணிக்கு உள்ளே போனால் மூன்று மணிக்குத்தான் வெளியே வர முடியும். அவர் அதுவரை வீட்டில் தனியாக இருப்பார். இரண்டு தடவை கேஸைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்க மறந்துபோனார். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுச் சம்சுன்னிசா மோப்பம் பிடித்து ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள். இல்லாவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

சேதி கேட்டு அவருடைய அக்கா முத்தாயி பூன் லேயிலிருந்து வந்தார்.

"இப்படித் தனியா விட்டுட்டுப் போறியே பாக்கியம், நல்லாவா இருக்கு? ஒண்ணு வேலைய விடு. இல்லாட்டி நோயாளிங்கள வச்சுப் பாத்துக்கிற ஹோம்ல சேர்த்துடு. நல்ல ஹோமா இருக்கு லா, நான் விசாரிச்சிட்டேன்." தம்பி காதில் விழும்படியாகவே சொன்னார். இவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மாசம் குடுங்க அண்ணி. அவரு கையாலயே சூடு பண்ணிச் சாப்பிடுவாரு, நீங்களே வந்து பாருங்க. முடியலைன்னா நீங்க சொல்றபடி செய்யறேன்," என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வேலையை விட்டால் வீடு ஓடாது. அவரை ஹோமில் விட்டுவிட்டு வந்து இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த ஞாயிறு சிராங்கூன் ரோட்டில் ஒரு மின்சாமான் கடைக்குப் போனேன். அப்துல் முத்தலிப் என்று ஒரு விற்பனையாளர், பொறுமையான மனுஷன். முதலில் ஒரு பெரிய அடுப்பைக் காட்டினார். முகமெல்லாம் எண் பொத்தான். இது அவருக்கு ஆகாது என்றேன். அடுத்ததில் கைப்பிடியை வலது கையால் பிடித்து இழுக்க வேண்டும். அதுவும் ஆகாது. மூன்றாவது சின்னது, மேசைமேல் ரேடியோ வைக்கிற இடத்தில் அடங்கிவிடும். இரண்டே திருகுகள், ஒன்று சூட்டுக்கு, ஒன்று நிமிஷத்துக்கு. கீழே ஒரு பட்டை, அதை ஒரு விரலால் அழுத்தினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். என் இடது கையால் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தேன்.

"எவர்சில்வர் மட்டும் உள்ள வைக்காதீங்கம்மா, பொறி பறக்கும். நடுவுல கதவத் தொறந்தா மெஷினு தானா நின்னுடும், பயமில்ல," என்றார் முத்தலிப்.

முதலாவதை நம்பினேன். இரண்டாவதை நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர் ஏதோ உள்ளே ஓடுகிறது என்று ஃபேக்டரியில் பெண்கள் பேசிக்கொண்டதுதான் மனசில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரம் அத்தனையையும் மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பீங்கான் கிண்ணம் நாலு வாங்கி வைத்தேன். நிமிஷத் திருகில் இரண்டு நிமிஷத்துக்கு நேராக என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். "இந்தப் பொட்டு வரைக்கும் திருகுங்க. மணி அடிக்கும். மணி அடிக்கிற வரைக்கும் கதவத் தொறக்கவே கூடாது. புரிஞ்சுதா?" என்றேன். வேலைக்குக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் அந்தப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். "தீயே இல்ல. இது என்ன அடுப்பு?" என்றார்.

தினமும் விடிகாலையில் சமைத்துக் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுப் போவேன். மாலையில் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும். எனக்கு ஒரே பெருமை. ஃபேக்டரியில் வாய் ஓயாமல் சொன்னேன். முத்தாயி அண்ணிக்கு ஃபோன் போட்டும் சொன்னேன். அப்படியே மூன்று வாரம் போனது.

ஒரு வியாழக்கிழமை குப்பை போடும் குழாயின் மூடி திறக்க மாட்டேன் என்றது. சமையலறைச் சுவரிலேயே இருக்கிற மூடி அது. பலமாக இழுத்தேன். உள்ளே விளிம்பில் சோறு அப்பிக் கிடந்தது. என் சோறு. காலையில் நான் வைத்த பயத்தங்காய்ப் பொரியல் கூட அப்படியே இருந்தது.

கையில் பிடித்த மூடியை விடாமலே கத்தினேன். "நாலு மணிக்கு எழுந்து சமைச்சு வச்சிட்டுப் போறேன், நீங்க குப்பையில கொட்றீங்களா? என்னத்தத் தின்னீங்க இத்தனை நாளா?"

"கீழ கடையில ரொட்டி வாங்கித் தின்னேன்."

"ரொட்டி தின்னத்தான் இந்த மெஷினா? சரி, போங்க. ஹோமுக்கே போங்க. அங்க ஊட்டி விடுவாங்க."

சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை முத்தாயி சொன்னபோது அவர் சுவரைப் பார்த்தார். நான் சொன்னபோது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு சொன்னார். "முதல் நாளு சூடு பண்ணேன் பாக்கியம். மணி அடிக்கிற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னே. தொறக்கல. உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல. வாசமும் வரல. அது அடிக்கிறப்போ நான் எடுக்கணும். நான் சமையக்காரன். மூடியத் தூக்காம எப்படி?" திருகைக் காட்டி, "பொட்டு வேற ஒட்டி வச்சிருக்கே," என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அடுப்பைப் பிடுங்கினேன், பாத்திரத்தைப் பிடுங்கினேன், கடைசியில் மூடியையும் பிடுங்கிவிட்டேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொட்டு ஒட்டிவிட்டு அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. நகத்தால் சுரண்டிப் பொட்டை எடுத்தேன்.

"கடைக்காரரு சொன்னாரு, நடுவுல தொறந்தா தானா நின்னுடுமாம். நான்தான் பயந்துட்டு உங்ககிட்ட சொல்லல," என்றேன்.

அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ரசத்தை வைத்துத் திருகினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். சட்டென்று பட்டையை அழுத்தினார். கதவு திறந்தது, சத்தம் நின்றது, பூண்டு மிளகு வாசம் வெளியே வந்தது. மூடினார், மறுபடி திருகினார், மறுபடி திறந்தார். நாலைந்து தடவை. "நிக்குதே," என்றார். பக்கவாதம் வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சமையல் அவர் கைக்குப் போய்விட்டது. நான் விடிகாலையில் காய் நறுக்கி வைக்கும் எடுபிடி ஆனேன். பருப்பு வேகத் தண்ணீர் எவ்வளவு, கீரைக்கு எத்தனை தடவை திறந்து கிளற வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். எண்ணெயே இல்லாமல் அப்பளம் பொரித்தார், கண்ணாடி வழியாக அது உப்புவதைப் பார்த்துக்கொண்டே. ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். மணி அடிக்க விடவே மாட்டார். "மணி அடிச்சா பதம் தாண்டிப் போச்சுன்னு அர்த்தம்," என்பார். அதற்கு முன்னாலேயே திறந்துவிடுவார். நான் வீட்டுக்கு வரும்போது திருகு எப்போதும் அரை நிமிஷத்திலோ கால் நிமிஷத்திலோ நின்றுகொண்டிருக்கும்.

மாதக் கடைசியில் முத்தாயி அண்ணி வந்தார். இவரே பருப்பும் கீரையும் செய்து இடது கையால் பரிமாறினார். அண்ணி தட்டைத் துடைத்த மாதிரி சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார். ஹோம் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

ஒன்றரை வருஷம் அப்படி இருந்தோம். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

எண்பத்தேழு ஜூலையில் ஒரு நாள். தொண்டை கட்டி, குரலே வராமல் வேலைக்குப் போனேன். "இன்னிக்காச்சும் வாய் ஓயும்," என்று கேலி செய்து அனுப்பினார். மூன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தபோது அடுப்பின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தலையைச் சாய்த்து, எப்போதும் கேட்கிற மாதிரி. தோளைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. மத்தியானமே போயிருக்கும், இரண்டாவது பக்கவாதம் என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஆறு மணிக்கு பிளாக்குக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே திறந்து கிடக்கிற வாய்ட் டெக்கில் கிடத்தினார்கள். மறுநாள் காலையில் எடுப்பதாக ஏற்பாடு. முத்தாயி அண்ணி அழுது ஓய்ந்து என்னை மேலே கூட்டி வந்தார், முகம் கழுவிக்கொள்ள. சம்சுன்னிசா காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தாள். சாவு வீட்டில் பிணம் எடுக்கிற வரைக்கும் அடுப்பு மூட்ட மாட்டோம், அது அவளுக்கும் தெரியும். காப்பி ஆறிப்போயிருந்தது. எனக்கு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் இருப்பதைப் பார்த்தேன். திறந்தேன். கஞ்சி. பூண்டு தட்டிப் போட்டு, குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி. அவருக்குக் கஞ்சியே பிடிக்காது. காய்ச்சலில் கூடத் தொட மாட்டார். என் தொண்டைக்காக வைத்திருக்கிறார்.

திருகைப் பார்த்தேன். சுழியில் நின்றது. மணி அடித்திருக்கிறது. அடித்தபோது திறக்க அவர் இல்லை.

கதவைச் சாத்தினேன். திருகைப் பிடித்தேன்.

அண்ணி என் கையைப் பிடித்தார். "என்ன செய்யறே பாக்கியம்? எந்தம்பி கீழ கிடக்கான். அடுப்பு மூட்டலாமா?"

"இதுல தீ இல்ல அண்ணி," என்றேன். "உங்க தம்பியே சொல்லியிருக்காரு."

அண்ணி பிடித்த கையை விடவில்லை. கண்ணாடி வழியாகக் கிண்ணத்தைப் பார்த்தார். யார் வைத்த கஞ்சி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கையை எடுத்துவிட்டுத் தம்பியின் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

இரண்டு நிமிஷத்துக்குத் திருகினேன். தலையைச் சாய்த்துக் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கஞ்சி மெதுவாகத் தளதளக்க ஆரம்பித்தது. பட்டையை அழுத்தித் திறந்தேன். பூண்டு வாசம் வீடு முழுக்கப் பரவியது.

ஒரே கிண்ணத்தில் ஆளுக்கொரு கரண்டி போட்டுக் குடித்தோம். அண்ணி இரண்டு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"உப்பு சரியா இருக்குடா," என்றார், தம்பி அங்கே நிற்கிற மாதிரி.

நான் மிச்சத்தையும் வழித்துக் குடித்தேன். திருகு அரை நிமிஷத்தில் நின்றிருந்தது. அதைச் சுழிக்குத் திருப்பாமல் கீழே அவரிடம் போனேன்.