நாரை பிளாக், தரைத்தளம்

...ஒழுகத்தான் செய்கிறது, கண்ணை மூடித் திறந்தால் நின்றுவிடும் என்று பார்த்தான், நிற்கவில்லை, மேஜை மேலிருந்த ஏரியின் நீலம் கரையைத் தாண்டி நூல் பிடித்த மாதிரி நகர்ந்துகொண்டேயிருந்தது, இத்தனைக்கும் காலையில் ஓரமெல்லாம் பசை வைத்து அடைத்தவன் அவனேதான், கட்டுமானக் கம்பெனிகளுக்கு மாதிரி நகரம் செய்து கொடுத்தே தலை நரைத்தவன், கட்டில் அகலத்தில் ஒரு ஊரையே நிறுத்திவிடுவான், அவன் ஊரில் குப்பை சேராது, நாய் குரைக்காது, யாருக்கும் முழங்கால் வலிக்காது. ஏரிக்கு ரெசின் என்று ஒரு பிசின், ஹார்டனர் கலந்து தேன் பதத்தில் ஊற்றினால் மெல்ல மெல்லக் கண்ணாடியாக இறுகிவிடும், நீலச் சாயம் இரண்டு சொட்டு, ஏரி ரெடி, கடவுள் இதற்கு எத்தனை மழைக்காலம் காத்திருந்தாரோ, பாவம், அவருக்கு ஹார்டனர் கிடைக்கவில்லை. விற்பனை அலுவலகத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிஜ ஏரி கிடந்தது, கிடந்தது என்றால் மிச்சம் கிடந்தது, ஒரு லாரி மண்ணைக் கொட்டிவிட்டு நகர அடுத்த லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, மேஜை மேல் இருப்பது ஒவ்வொரு மாதிரியிலும் கொஞ்சம் பெரிதாகிறது, வெளியே இருப்பது கொஞ்சம் சிறிதாகிறது, இப்படியே போனால் ஒருநாள் அளவு விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்று ஆகிவிடும், அன்றைக்கு அவனுக்குச் சிலை வைப்பார்கள்...

எந்த வழியாகப் போகிறது இது? விளக்கைத் தாழ்த்திப் பார்த்தான், சிறுவர் பூங்காவுக்கு அடியில் போகிறது. அங்கே என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை, ஊஞ்சல், சறுக்கு, சிவப்புச் சட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழந்தை... அதற்கு அடியில்? அடியில் வாய்க்கால். நில அளவைப் படத்தில் இருந்ததே என்று தெர்மாகோலில் அதையும் ஒழுங்காக வெட்டி வைத்திருந்தான், விற்பனை மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, கீறல் மாதிரி அசிங்கமா? தூர்த்துடுங்க," என்றான், தூர்த்தான். காகிதத் துண்டு, மரத்தூள், மேலே பச்சைத் தூள், அதற்கு மேலே குழந்தை. வெளியேயும் அதே வாய்க்காலை அதே வாரம்தான் தூர்த்தார்கள், அவர்களுக்கு இரண்டு நாள் பிடித்தது, இவனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். மரத்தூளுக்குத் தெரியுமா ரெசினை நிறுத்த? பிசினுக்கு மேனேஜரையும் தெரியாது, பள்ளம் மட்டும்தான் தெரியும், பள்ளம் எங்கே... அவன் கண் பூங்காவைத் தாண்டிப் போக விரும்பவில்லை, ஆனாலும் போயிற்று, நாரை பிளாக்.

எந்தப் பறவையை விரட்டினார்களோ அதன் பெயரைக் கட்டடத்துக்கு வைத்துவிடுவது கம்பெனியின் நல்ல குணம், நாரை, கொக்கு, நீர்க்கோழி, பிளாக்குக்கு ஒரு பறவையாக ஒரு குடும்பமே வீடில்லாமல் போயிருந்தது. நாரை பிளாக்கில் தரைத்தளம், மூலை வீடு, அக்காவுடையது. நாளைக்குப் பத்திரப்பதிவு. மாடி வேண்டாம்டா, முழங்கால் ஒத்துழைக்காது, என்று அவள்தான் தரைத்தளம் கேட்டாள், மாமாகூட யோசித்தார், இடம் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறதே என்றார், அதற்கு அக்கா, "என் தம்பி செஞ்ச பொம்மையில பாத்தேன், மேடாத்தான் இருக்கு," என்று வாயை அடைத்துவிட்டாள். அது முதல் மாதிரி, சின்னது, அதில் பள்ளமே வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், அதில் எல்லா வீடும் மேடுதான்... மூலை வீட்டுக்குள் அவன் பொருத்திய கடுகளவு பல்பு எரிந்துகொண்டிருந்தது, அந்த வெளிச்சத்தில் ஜன்னலின் பாதி வரை நீலம் ஏறி நின்றது. அழகாகத்தான் இருந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தான், சேர்மன் வருகிறார் என்று மூன்றாவது சட்டை மாற்றியிருந்தான். "ஏரி வத்தின மாதிரி தெரியுதேண்ணே, இன்னும் ஒரு கப் ஊத்துங்க." ஊத்தினா அங்க போகுது, என்று இவன் விரலால் காட்டினான். மேனேஜர் குனிந்தான், ஒரு கணம், ஒரே ஒரு கணம் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, பிறகு திரும்ப வந்துவிட்டது. "முன்னாடி நாலு மரம் நட்டுடுங்கண்ணே, யாரு மண்டி போட்டுப் பாக்கப் போறா?" இந்த ஏரிக்கரையில் மரம் நடச் சொல்லி ஒருவர் வாய் திறந்தது இதுவே முதல்முறை, கெடுப்பானேன், ஊற்றினான், நட்டான். பஞ்சில் செய்த மரம், கம்பி வேர், ஜன்னலுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று... மூலை வீட்டுக்கு வந்ததும் கை நின்றது. சொல்லிவிடலாமா? என்ன சொல்வது, அக்கா, பொம்மை ஒழுகுது, வீட்டை விட்டுடு என்றா? சிரிப்பாள். அப்புறம் கேட்பாள், அப்போ ஏன்டா முதல்லயே சொல்லல? அந்தக் கேள்விக்கு மரம் நட முடியாது. அவள் வேண்டாம் என்றால் கம்பெனிக்குத் தெரியும், யார் சொன்னது என்றும் தெரியும், அடுத்த ஊரை வேறு யாராவது செய்வார்கள்... கையிலிருந்த கடைசி மரத்தைப் பையில் போட்டுக்கொண்டான். மூலை ஜன்னல் மட்டும் திறந்தே இருக்கட்டும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அவளுக்குக் கண் இருக்கிறது, அவளே பார்த்தால்... இது கோழைத்தனமா, சாமர்த்தியமா? இரண்டுக்கும் ஒரே அளவு பசைதான் பிடிக்கிறது.

சேர்மனுக்கு முன்னால் அக்காதான் வந்தாள், மாமா வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். "எங்கடா என் வீடு?" காட்டினான். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அம்மாடி என்று முனகி, ஒரு காலை மடக்கி, மறு காலை மடக்கி, அவள் மண்டியிட்டாள், யாரும் மண்டியிட மாட்டார்கள் என்றானே... ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலுக்குள் பார்த்தாள். இதோ, இப்போது, திரும்பிக் கேட்கப் போகிறாள், என்னடா இது, தண்ணி உள்ள நிக்குது என்று, கேட்டுவிட்டால் போதும், தலையை மட்டும் ஆட்டினால் போதும்...

"அட! ஏரி இவ்வளவு கிட்டவாடா தெரியும்? ஜன்னலைத் திறந்தா கையால தொடலாம் போலிருக்கே!" அவள் முகத்தில் அந்த நீலம் ஆடியது, சின்ன வயதில்கூட அவளை இப்படிப் பார்த்ததில்லை. "உங்க மாமாவைக் கூப்பிடு, தாழ்வு தாழ்வுன்னு சொன்னாரே, வந்து பாக்கட்டும்." கையை நீட்டினாள், எழுப்பிவிடச் சொல்லி. எழுப்பினான், கனமாக இருந்தாள், அவளுடைய முழு பாரமும் ஒரு நொடி அவன் மேல் இருந்தது, வாயில் ஒரு சொல் வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மாமா உள்ளே வந்தார், அவர் செருப்பில் ஏரி மண் ஒட்டியிருந்தது. அக்காவை விட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏரியின் மேல் வைத்தான், எடுத்தபோது ஐந்து விரலின் அச்சும் நீலத்தில் பதிந்து, மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருந்தது... இன்னும் இறுகவில்லை.