பின்பக்கமாக மூன்று மாடி

...பார்ட்னராம் பார்ட்னர், ஆளாளுக்கு அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்று பொருமிக்கொண்டே கண்ணாடிக்கடைக்காரி குதிகாலை அடுத்த படியில் வைத்தாள், பின்பக்கமாகத்தான், இவ்வளவு பெரிய ஜன்னல் கண்ணாடி லிஃப்டுக்குள் நுழையாது, மூன்று மாடி ஏற வேண்டும், மறுமுனையைத் தாங்கிக்கொண்டு கீழ்ப்படியில் நாத்தனார், "படி... படி... இப்ப திருப்பம் அண்ணி" என்கிற அந்தக் குரல்தான் இவளுக்குக் கண், ஒரு தடவையாவது இவள் திரும்பிப் பார்த்திருப்பாளா? மாட்டாள், அதில் அப்படியொரு கர்வம்... கடையைத் திறந்தபோது தொழிலுக்கு நீதான் பார்ட்னர் என்றான் புருஷன், சரி, வீட்டுக்கு வந்தவர்களிடம் வாழ்க்கைக்கும் இவதான் பார்ட்னர் என்று பல்லைக் காட்டினான், அதுவும் சரி, பிறகு வேறொருத்தியோடு கடை வாசலில் வந்து நின்று, இவங்க என் பார்ட்னர் என்றானே படுபாவி, அதை எதில் சேர்ப்பது? அண்ணன் போனான், தங்கை போகவில்லை, மறுநாள் காலையில் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள், இன்னும் வாய் நிறைய அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள், இவளை என்னவென்று சொல்வது, அந்தத் தேய்ந்த வார்த்தையையா? ரெண்டு பொம்பளைங்க இதைத் தூக்கிடுவீங்களா என்று கேட்ட அந்த வீட்டின் சொந்தக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு கீழே நிற்கிறார், நிற்கட்டும்!

ஆனால் நேற்று அவன் தன் புதுக்கடைக்குத் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறான், பாதிப் பங்காம், இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், இவளும் போய்விட்டால் யார் குரலை நம்பிக் காலை வைப்பது... கேட்டால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடாதா, கேட்காமல் எப்படி இருப்பது, "உங்கண்ணன்கிட்ட என்ன சொன்ன?" கேட்டே விட்டாள். "வரலைன்னுட்டேன். படி." அவ்வளவுதானா! நெஞ்சு பூரித்துப் போயிற்று, பாருடா, நீ விட்டுப்போன கடையை, விட்டுப்போகாத உன் தங்கையை... மேலே வந்து கண்ணாடியைச் சுவரில் மெல்லச் சாய்த்ததும் கடைக்காரிக்கு வாய் நிற்கவில்லை, "பாத்தியா, ஒரு தடவகூட நான் திரும்பல, உன் மேல அவ்ளோ நம்பிக்கைடி எனக்கு!" நாத்தனார் கையுறையைக் கழற்றினாள், விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. "உங்களுக்கென்ன அண்ணி, நம்பிட்டு நடந்துடுறீங்க. ஒவ்வொரு படிக்கும் எனக்குல்ல உசுரு போய் உசுரு வருது" என்று சிரித்தாள். இந்தக் கை தினமும் இப்படித்தான் நடுங்குமா? என் நம்பிக்கை, என் நம்பிக்கை என்று மார்தட்டினேனே, அதையும் சேர்த்து இவள்தானா தூக்கிக்கொண்டு வந்தாள்... எதிரெதிரே, இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதானே மூன்று மாடியும் ஏறினேன்?