கார்னெட் உதடு

லொரைன் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை வாயில் வைத்து ஊதினால், பக்கத்தில் நிற்பவர்களின் கால்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பிவிடும். குவீன்ஸ்டவுன் மாதா கோயில் பேண்டில் இதை முதலில் கண்டவர் கூட்டிப் பெருக்க வந்த அல்போன்சம்மாள். ஒத்திகை அறையில் யாருமில்லை என்று நினைத்து லொரைன் ஆசைக்கு ஒரு மூச்சு ஊதிப் பார்த்தாள். அல்போன்சம்மாள் துடைப்பத்தோடு மேலே போனார், இதுநாள்வரை எட்டாமலிருந்த ஒட்டடையை அடித்தார், இறங்கி வந்து மிச்ச வேலையைப் பார்த்தார்.

ஆனால் அந்த டியூபா லொரைனுக்குக் கிடையாது. யார் சேர்ந்தாலும் பேண்ட் மாஸ்டர் அலெக்சாண்டர் உதட்டைப் பார்த்துத்தான் வாத்தியம் கொடுப்பார்: மெல்லிய உதட்டுக்குச் சின்னக் குழலான கார்னெட், தடித்த உதட்டுக்கு டியூபா. அதென்னவோ, எந்தப் பெண்ணின் உதடும் அவர் கண்ணுக்குத் தடித்ததாகப் பட்டதே இல்லை. ஜூரோங் கப்பல் பட்டறையில் பகலெல்லாம் இரும்பைப் பற்றவைக்கிற லொரைன், வருஷக்கணக்காகக் கார்னெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் பல்லி கத்துகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. டியூபா ஊதிக்கொண்டிருந்தவர் தோ பாயோவுக்கு வீடு மாறிப் போனபோது, இனி அது தனக்குத்தான் என்று நம்பினாள். மாஸ்டரோ தன் தங்கை மகன் வேய்னைக் கூப்பிட்டார். வேய்ன் ஊதினான், ஒரு ஈகூட எழும்பவில்லை.

லொரைன் நேரே போய்க் கேட்டேவிட்டாள்.

"உனக்குக் கார்னெட் உதடும்மா. டியூபா எல்லாம் சரிப்படாது லா," என்றார் அலெக்சாண்டர்.

"உதடு என்னோடது மாஸ்டர். அதை எதுல வைக்கணும்னு நான் பாத்துக்கறேன்."

மாதா திருவிழாவன்று கார்னெட்டை அவர் கையில் திணித்துவிட்டு, வேய்னிடமிருந்து டியூபாவை வாங்கித் தோளில் மாட்டினாள். வேய்னுக்கும் அப்பாடா என்றிருந்தது. அவள் ஊதினாள். சப்பரம் தூக்கியவர்கள், ஜெபமாலை சொன்னவர்கள், ஃபாதர், எல்லோரும் எழும்பி, எழும்பியபடியே நடந்தார்கள். முட்டிவலிக்காரர்கள் இன்னொரு தெரு சுற்றலாமா என்று விசாரித்தார்கள். அங்கி ஓரம் அழுக்காகாததில் ஃபாதருக்குத் திருப்தி. அலெக்சாண்டர் மட்டும் அந்தரத்தில் காலை உதறிக்கொண்டு, நிறுத்து நிறுத்து என்று கார்னெட்டை ஆட்டினார். லொரைன் அவரை நேராகப் பார்த்தாள். மூச்சை இழுத்து, இன்னும் பலமாக ஊதினாள். மாஸ்டர் மரக்கிளை உயரத்துக்குப் போனார். அங்கிருந்து ஊர்வலம் முழுவதும் தெரிந்ததால், வேறு வழியில்லாமல் அங்கேயே தாளம் போட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு எல்லாத் திருவிழாவிலும் மாஸ்டர் மேலேதான் நடக்கிறார். டியூபா லொரைனிடம் இருக்கிறது.