தெரிந்தவர் ஒருவர்

ஓட்டல் பின்கட்டில், கவிழ்த்த அண்டாவின்மேல் தாளை வைத்து, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு மூன்று மாதம் அவள் எழுதிப் பழகியது தன் பெயரை மட்டும்தான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. விட்டால் கொழுந்தன் காதுக்குப் போய்விடும். புருஷன் போனபிறகு அவன் வீட்டுப் பின்னறையில்தான் வாசம். பேங்கில் பணம் எடுக்க அவள் கைநாட்டு வைக்கும்போதெல்லாம் சாட்சிக் கையெழுத்தும் அவன்தான். "அலைச்சல் கூலி, அண்ணி" என்று பாதியை எடுத்துக்கொள்வான். மகராசன் அலைந்தது மொத்தம் நாலு தெரு!

இன்று சாயங்காலத்துக்குள் முன்பணம் கொடுத்தால் வேறு தெருவில் ஒரு மாடி அறை அவளுக்குக் கிடைக்கும். தனிக் கதவு, தனிச் சாவி. பேங்கில் பணம் எடுக்கும் சீட்டில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

குமாஸ்தா கணினியைப் பார்த்தார். "இங்க கைநாட்டுன்னுல்ல இருக்கு?"

"இப்ப எழுதக் கத்துக்கிட்டேன் சார்."

"சந்தோஷம்மா. ஆனா அதை மாத்தணும்னா, இந்தக் கிளையில கணக்கு வச்சிருக்கிறவங்க, உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும்." ஒரு விண்ணப்பத்தை அவளிடம் நீட்டி, அதில் ஒரு கட்டத்தை விரல் வைத்துக் காட்டினார். "கொழுந்தனார் வரலியா?"

கொழுந்தனார்! அவனிடமிருந்து தப்பிக்கத்தானே அவள் எழுத்தே படித்தாள்.

"அப்ப கைநாட்டே வைக்கிறேன் சார்."

"அதுக்கும் சாட்சி வேணுமே."

திரும்பினால், வரிசையில் ஓட்டல் முதலாளியம்மா! பதினோரு வருஷப் பழக்கம். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

முதலாளியம்மா பேனாவை எடுத்துத் திறந்தாள். பிறகு மூடினாள்.

"தப்பா நினைக்காதே. அவரைக் கேக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல." குரல் தாழ்ந்தது. "என் கணக்கையே அவர்தான் பாக்கறாரு."

பட்டம் வாங்கிய அம்மாவுக்கே இந்தக் கதி. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, பாவமாக இருந்தது.

பேங்க் மூடும் வரை உட்கார்ந்து, வந்துபோன முகங்களைப் பார்த்தாள். பாதிப் பேர் ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் தின்ற தட்டையெல்லாம் கழுவியவள் அவள். ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை.

வீட்டில் கொழுந்தன் கேட்டான். "எங்க அண்ணி, இவ்வளவு நேரம்?"

"சும்மாதான்."

பின்னறையில் உட்கார்ந்து விண்ணப்பத்தில் தன் பெயரை அழகாக எழுதினாள். குமாஸ்தா காட்டிய கட்டம் காலியாகவே இருந்தது.