எட்டிய பிரேக் குழாய்

காட்டுப்பாதைப் பயணத்துக்காகத் தன் தங்கை கணவரின் பழைய எஸ்யூவியை, ஸ்பிரிங் மாற்றிச் சிக்கனமாக உயரமாக்கிக் கொடுத்தான் மெக்கானிக்.

"மாப்பிள்ளை, வண்டி உசந்துடுச்சு. சக்கரத்துக்குப் போற பிரேக் குழாய் பழைய நீளம்தான். மாத்தணும்."

"எட்டுதுல்ல மச்சான்? போயிட்டு வந்து பார்த்துக்கலாம். தங்கச்சி புருஷன்கிட்டயே வியாபாரமா?"

சமதரையில் எட்டத்தான் செய்தது. மெக்கானிக் சிரித்தபடி சாவியைக் கொடுத்தான். தங்கை முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

மலையிறக்கத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கியது. குழாய் இழுபட்டு அறுந்தது. பிரேக் பிடிக்காமல் வண்டி சரிவில் உருண்டது. மாப்பிள்ளை பிழைத்தார், தங்கை பிழைக்கவில்லை.

பிணவறை வாசலில் மாப்பிள்ளை மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "அழுத்திச் சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேனாடா?"

சொன்னேன் என்று மெக்கானிக் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சாவியையும் கொடுத்தவன் அவன்தானே.