யாரும் இறங்காத இடத்தில் ஒரு விசில்

டிபன் பாக்ஸ் தினமும் காலியாகத்தான் வீடு திரும்பியது. அவித்த முட்டை, கீரை, வேகவைத்த பயறு எல்லாம் போன இடம் தெரியாது. ஆனால் அவள் கணவனின் முகத்தில் மட்டும் துளியும் தெளிவு ஏறவில்லை. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து, பஸ் ஓட்டிவிட்டு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்துவிடுகிறான். மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது.

"வியாதின்னு ஒண்ணுமில்லம்மா," என்று ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். "பன்னும் டீயுமா பொழுதை ஓட்டுறார். தண்ணியே குடிக்கிறதில்ல. ஒழுங்கா சாப்பிட்டு, வெளிச்சத்துல தினம் நடந்தா உடம்பு மெல்ல எழுந்துக்கும்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மல்லுக்கட்டினாள். அவனும் எதையும் மறுக்கவில்லை. சாப்பிட்டேன் என்பான், நடந்தேன் என்பான், அப்படியே தூங்கிப்போவான்.

அன்று அவன் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போக, மதியம் அதை எடுத்துக்கொண்டு அவன் பஸ்ஸிலேயே பின்வாசல் வழியாக ஏறினாள். கூட்டத்தில் அவன் கவனிக்கவில்லை. கவனித்த கண்டக்டரின் முகம்தான் பேயறைந்த மாதிரி ஆனது.

"அண்ணி... நீங்க எங்க இங்க?"

பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்தவன், கால்வாய்த் திருப்பத்தில் நீளமாக ஒரு விசில் ஊதினான். பஸ் நிற்கவில்லை. இறங்கவும் ஆளில்லை.

"எதுக்குடா சும்மா ஊதுற? வாய் அரிக்குதா?" என்றாள் ஒரு கூடைக்காரி. பஸ்ஸே சிரித்தது.

அடுத்த திருப்பத்திலும் விசில். இம்முறை அவள் பார்வை டிரைவர் சீட்டுக்கு மேலிருந்த கண்ணாடியில் விழுந்தது. அதில் சரிந்துகொண்டிருந்த கணவனின் தலை, விசில் கேட்டதும் வெடுக்கென்று நிமிர்ந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியதும் கண்டக்டரை மடக்கினாள்.

"எத்தனை நாளா இது நடக்குது?"

"குளிர் வந்ததுலேர்ந்து, அண்ணி. வெளிய தெரிஞ்சா அண்ணன் வேலை போயிடுமேன்னுதான்..."

"சாப்பாடு?"

"பசிக்கல, நீ சாப்பிடுன்னு என்கிட்ட குடுத்துருவார்."

"அதான் உன் கன்னம் மட்டும் பளபளங்குது!"

முன்னால் போனாள். எஞ்சினின் கதகதப்பில், கடித்த பன்னைக் கையில் பிடித்தபடி அவன் கண்மூடியிருந்தான்.

"என்னங்க, கீழ இறங்குங்க."

திடுக்கிட்டு விழித்தான். "நீயா? இறங்கினா சீட்டு ஆறிப்போயிடும்மா. அப்புறம் ஏறி உட்காரவே முடியறதில்ல. ஒண்ணுக்கு இறங்கணுமேன்னுதான் தண்ணிகூடக் குடிக்காம இருக்கேன்."

"அப்போ காலையில நடக்கப் போறேன்னு கிளம்புனது?"

"டெப்போவுக்கு வந்து இதே சீட்டுலதான் படுத்துக்குவேன்."

"உங்க முதுகை நம்பித்தானே அத்தனை பேரும் பின்னால உட்கார்ந்திருந்தாங்க! நம்ம பாப்பா போற ஸ்கூல் பஸ்ஸை ஒருத்தர் இப்படி ஓட்டினா, நீங்க அனுப்புவீங்களா?"

அவன் கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தான்.

"வேலை போயிடுச்சுன்னா?"

"தெரியல," என்றாள். அதற்குமேல் பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை.

அவனே இறங்கிப் போய், அந்த நிறுத்தத்தில் பஸ் நேரங்களைக் குறிக்கும் நேரக் காப்பாளரின் மேஜையில் சாவியை வைத்தான். "தூக்கம் வருது சார். என்னால ஓட்ட முடியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மேல சொல்லாம இருக்க முடியாதுப்பா. நாளைக்கு மேனேஜரைப் பாரு. என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். வெயில் இருந்தும் காற்று காதை அறுத்தது. கால்வாய்த் திருப்பம் வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. மதகுச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்தான். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். டிபன் பாக்ஸைத் திறந்து முட்டையை அவன் கையில் வைத்தாள். அவன் வேண்டாவெறுப்பாக மென்றான். கண்ணீர் முட்டையில் விழுந்தது. அவள் அதைப் பார்க்காதது போலப் பயற்றை அள்ளிக் கொடுத்தாள்.

அவனுடைய பஸ், வேறொரு டிரைவரோடு, அந்தத் திருப்பத்தை மெல்லக் கடந்தது. அவன் உடல் விறைத்துக் காத்திருந்தது. விசில் வரவில்லை.

"இன்னும் ரொம்ப தூரமா?" என்றான்.

"ரொம்ப தூரந்தாங்க," என்று கையை நீட்டினாள். "எழுந்திருங்க."