பன்னிரண்டே காலுக்குள்

சந்திரலேகா எண்டர் தட்டியதும் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை முழுக்கக் குப்பை கொட்டியது. கோணலும் மாணலுமாகக் கோடுகள், கட்டங்கள். அவசரத்தில், கணவர் எழுதிவைத்த கடிதத்துக்குப் பதில் ஏதோ போட்டோவைத் திறந்து தொலைத்திருக்கிறாள். ஒரு எழுத்தைத் தட்டிப் பார்த்தாள். அதுவும் கோடாகவே விழுந்தது.

கூடத்தில் அவள் கணவர் இளவரசு கிடந்தார். காலை ஆறேகாலுக்கு மாரடைப்பில் போய்விட்டார். தானத்துக்குக் கண்ணை எடுக்க ஆறு மணி நேரம்தான் கெடு. அவள் போன் செய்து கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வந்த கண் வங்கி வண்டி தெருமுனையில் நிற்கிறது. வீட்டில் தகராறு என்றால் திரும்பிவிடுவார்களாம். மணி பதினொன்று நாற்பது.

"இன்னாம்மா, எழுதி வெச்சிருக்கான்னியே, எங்க?" என்றார் இளவரசுவின் அண்ணன் வைத்திலிங்கம். "எழுத்துல காட்டு, ஒத்துக்கறேன். உன் வாய்ப்பேச்ச நம்பி என் தம்பிய கண்ணில்லாம அனுப்ப மாட்டேன்."

"இருங்க மாமா. இதுலதான் எழுதியிருக்கேன்னாரு."

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் சொன்னால் வாய்ப்பேச்சு, இந்தப் பெட்டி சொன்னால் சத்தியமா? பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட நேரமில்லை.

இளவரசு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட மனிதர். முன்பு ஒருநாள் இப்படி ஆனபோது சிரித்தார். "பெட்டிக்கு ஒண்ணும் ஆவல லேகா. காட்டுறதுதான் கொழம்பிப்போச்சு. நீ அடிக்கிறது தெரியாது. தெரியலன்னாலும் ரீசெட்னு அடிச்சு எண்டர் தட்டு."

அடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சற்றுமுன் தட்டிய எழுத்து முன்னால் ஒட்டியிருந்திருக்கும். மறுபடி அந்த ஐந்து ஆங்கில எழுத்து, எண்டர். திரை துடைத்துவிட்டதுபோல் ஆனது.

இம்முறை கடிதத்தின் பெயரைப் பார்த்துப் பார்த்து அடித்துத் திறந்தாள்.

கேஸ் சிலிண்டர் புத்தகம் பீரோ மேல்தட்டில்.
மகள் ஸ்ரீமதியின் சான்றிதழ்கள் நீல ஃபைலில்.
மீதியை லேகாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் சொல்வதுதான் நான் சொல்வது.

அவ்வளவுதான்.

வைத்திலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். "கண்ணப் பத்தி ஒரு வார்த்த இல்லியே."

"இல்ல மாமா." பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "எங்கிட்டதான் சொன்னாரு."

அவர் கடைசி வரியை விரல் வைத்து இன்னொரு தரம் படித்தார். வெளியே பந்தலுக்குக் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது.

"மணி இன்னா?"

"பன்னண்டு ஆவப் போவுது."

"வண்டிய வரச் சொல்லு."

வண்டியில் வந்த இருவரும் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். கூடம் காலியானது. வைத்திலிங்கம் மட்டும் தம்பியின் கால்மாட்டில் நகராமல் நின்றார்.

"நான் இங்கயே இருக்கட்டாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

சந்திரலேகா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, இளவரசுவின் தலைமாட்டில் அவருக்குப் போட்டாள்.